புளி உலுக்கப் போன மூன்று நாள்

மூன்று வருடங்களாக ஒரு வாக்கியம் என்னை விடாமல் தொந்தரவு செய்துகொண்டிருக்கிறது. ஓசூரில் என்னோடு வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், விடுமுறை கிடைத்தால் ஏதாவது ஒரு மலைக்குக் கிளம்பிவிடுவார். ஒரு மதியச் சாப்பாட்டின்போது தன் போனில் ஒரு படம் காட்டினார். எங்கோ கைவிடப்பட்ட வீடு. கூரை பாதி சரிந்து, மண்சுவர் முழுக்கக் கொடி ஏறியிருந்தது. வாசற்படியில் ஒரு செடி பூத்திருந்தது. "மனுஷன் கிளம்பிட்டா போதும், காடு தானாவே எல்லாத்தையும் சரி பண்ணிக்கும்" என்றார். நல்ல மனிதர், காட்டின் மேல் உண்மையான பாசம் உள்ளவர். அவர் சொன்னதில் தப்பு இருப்பதாக அப்போது எனக்குப் படவில்லை, தலையாட்டினேன். ஆனால் அதற்குப் பிறகு சாப்பாடு இறங்கவில்லை. படத்திலிருந்த சுவரில் ஒரு விளக்கு மாடம் தெரிந்தது. அதைச் சுற்றிப் புகைக்கறை இன்னும் அழியாமல் இருந்தது. எங்கள் அம்மாயி, அம்மாவைப் பெற்றவள், வீட்டிலும் அப்படி ஒரு மாடம் உண்டு.

அம்மாயி ஊரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பென்னாகரம் பக்கத்துக் காட்டுமலைகளில் ஒன்று என்று சொன்னால் போதும். தேர்தலுக்குத் தேர்தல் கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரத்தைக் கழுதை மேல் ஏற்றிக்கொண்டு போகும் படத்தைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். அதே மாதிரி மலை, அதைவிடச் சின்ன ஊர். வண்டி அடிவாரத்தோடு நின்றுவிடும். அங்கிருந்து கல்லும் வேருமாக ஏழு கிலோமீட்டர் ஏற்றம். ரேஷன் அரிசியும் உப்பும் கழுதை முதுகில்தான் மேலே போகும். கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்த 2004இல் அங்கே 34 வீடுகளிலும் அடுப்பு எரிந்தது. அந்த வருடம் அக்கா கல்யாணப் பத்திரிகையை மாமாவோடு சேர்ந்து வீட்டுக்கு வீடு வைத்தவன் நான், அதனால் கணக்கு மறக்கவில்லை. இந்த மாசியில் போனபோது ஐந்து வீட்டில்தான் புகை தெரிந்தது.

இறங்கி வந்த கதை

யாரும் ஒரே நாளில் இறங்கவில்லை. முதலில் பிள்ளைகள் இறங்கினார்கள். மேலே ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளி கிடையாது, அதனால் கீழே உண்டு உறைவிடப் பள்ளியில் சேர்த்தார்கள். அங்கே தங்கிப் படித்த பையன் லீவுக்கு வரும்போது விருந்தாளி மாதிரி வந்தான். அப்புறம் வேலைக்குப் போனவர்கள். ஓசூர் கம்பெனிகள், பெங்களூரில் கட்டட வேலை, திருப்பூர் பனியன், குடகில் மிளகும் காப்பியும் பறிக்கிற வேலை. முதலில் சீசனுக்குப் போய்த் திரும்பினார்கள், பிறகு தீபாவளிக்கு மட்டும் வந்தார்கள். ஆள் குறையக் குறைய யானைக் காவல் தளர்ந்தது. கார்த்திகை, மார்கழியில் கேவுரு, அதாவது கேழ்வரகு, முற்றுகிற நேரத்துக்குச் சரியாக யானைகள் வந்துவிடும். வடக்கே பன்னேருகட்டா பக்கமிருந்து தளி, தேன்கனிக்கோட்டைக் காடுகள் வழியாக இறங்குகிற கூட்டம் உண்டு. எங்கள் பக்கம் காவிரிக் கரைக் காட்டிலிருந்தும் ஏறும். பத்துப் பேர் பத்துப் பரணில் உட்கார்ந்து தகரம் தட்டிய காலத்தில் ஒரு கொல்லை (விளைநிலத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) போனால் ஒன்பது கொல்லை மிஞ்சும். மூன்று பேர் மட்டும் காவல் இருந்தால் ஒரே ராத்திரியில் வருடத்துச் சோறு போய்விடும்.

ஆனால் எங்கள் குடும்பம் இறங்கியதற்குக் காரணம் பள்ளியும் இல்லை, யானையும் இல்லை. 2009 ஐப்பசியில் மாமாவின் மனைவி, என் அத்தை, இரண்டாவது பிரசவத்துக்கு வலி கண்டாள். மழை பெய்துகொண்டிருந்தது. மூங்கிலில் புடவையால் தூளி கட்டி நான்கு பேர் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். ராத்திரி, ஓடையில் தண்ணீர் இடுப்பளவு. அடிவாரத்துக்கு வந்து சேர்ந்தபோது அத்தை பேசவில்லை. குழந்தையும் தங்கவில்லை. அந்தத் தூளியின் முன்பக்கத்தைப் பிடித்திருந்தவர் மாமா. காரியம் முடிந்த மறுவாரமே அம்மாயியையும் மூத்த பிள்ளையையும் கீழே அழைத்துவந்து, சாலையோரத்தில் ஒரு வீட்டுக்குக் குடிவைத்தார். இதை நான் எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. மலை கிராமங்கள் காலியாவதைப் பற்றிப் பேசும்போது பலர், நானும்கூடச் சில நேரம், "இருந்திருக்கலாமே" என்ற தொனிக்கு வந்துவிடுகிறோம். சாலையும் ஆஸ்பத்திரியும் இல்லாத இடத்தில் ஒருத்தி வலியோடு கிடக்க வேண்டும் என்று எதிர்பார்க்க யாருக்கும் உரிமை இல்லை. அவர்கள் இறங்கியது சரி. அந்த விஷயத்தில் எனக்குச் சந்தேகம் கிடையாது. மனதில் நின்றுகொண்டே இருந்த கேள்வி வேறு. நாம் இறங்கிவந்தது மலைக்கு நல்லதா?

புளி

வருடம் ஒருமுறை மாமா மேலே போவார், மாசியில் புளி உலுக்க. அம்மாயியின் மாமனார் நட்ட மரங்கள் நான்கு, வீட்டுக்குப் பின்னால் வரிசையாக நிற்கின்றன. நல்ல காய்ப்பு வருடத்தில் ஒரு மரத்தில் ஓட்டோடு முந்நூறு கிலோ வரை இறங்கும். தண்ணீர் விட வேண்டாம், உரம் வேண்டாம், காவல் வேண்டாம். யானை கொஞ்சம் தின்னும், குரங்கு கொஞ்சம் தின்னும், மிச்சம் நமக்கு. கீழே கொண்டுவந்து ஓடு தட்டி, கொட்டை எடுத்து, நார் உரித்து வைத்தால் தருமபுரி வியாபாரி வீட்டுக்கே வந்து எடுத்துக்கொள்வார். கொட்டைக்கும் தனி விலை உண்டு, துணிக்குக் கஞ்சி போட அரைக்கிறார்கள். மலையை விட்டுப் போன குடும்பங்களை இன்றும் மலையோடு கட்டி வைத்திருப்பது சொந்தமும் இல்லை, சாமியும் இல்லை, புளியமரம்தான் என்று மாமா சொல்வார். இந்த வருடம் அவருக்கு முழங்கால் சரியில்லை. நானும் வருகிறேன் என்றேன். நண்பரின் வாக்கியத்தை நேரில் கொண்டுபோய்ப் பார்த்துவிடலாம் என்ற எண்ணமும் இருந்தது.

ஏறும்போதே பாதை மாறியிருந்தது தெரிந்தது. சின்ன வயதில் இந்தப் பாதையில் நாங்கள் ஓடுவோம். இருபக்கமும் புல்லும் அங்கங்கே வெக்காளி மரங்களும், நடுவே வானமும் தெரியும். இப்போது பாதி வழிக்கு மேல் உன்னிச்செடி ஆள் உயரத்துக்கு மேலே எழுந்து, இரண்டு பக்கமும் கைகோத்துக் குகை மாதிரி ஆகியிருந்தது. மாமா கொடுவாளின் பின்பக்கத்தால் வழியில் கிடக்கும் கல்லைத் தட்டிக்கொண்டே நடந்தார். "எதுக்கு மாமா?" என்றேன். "கரடி. இதுக்குள்ள படுத்திருந்தா பத்தடி தூரத்துல கூடத் தெரியாது மாப்ள. பழமும் தின்னும், நெழலும் ஆச்சு, அதுக்கு வசதி" என்றார். அப்புறம் நானும் தட்டினேன்.

உன்னியைத் தெரியாதவர்கள் இங்கே யாரும் இருக்க மாட்டார்கள். ஒரே கொத்தில் மஞ்சளும் இளஞ்சிவப்பும் சேர்ந்த பூ, பிள்ளைகள் பிய்த்துத் தேன் உறிஞ்சுகிற பூ. அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1800களின் தொடக்கத்தில் தோட்டத்துக்கு அழகு என்று வெள்ளைக்காரர்கள் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டுவந்தது. அங்கிருந்து நம் மலைகள் வரை வந்துவிட்டது. கொண்டைக்குருவி பழத்தைத் தின்று போகிற இடமெல்லாம் விதையைப் போடும். ஆடுமாடு தின்றால் ஈரல் கெட்டு, வெயில் படும் இடமெல்லாம் தோல் வெந்துபோகும், அதனால் மேய்ச்சலில் அது குறைவதில்லை. வெட்டினால் அடியிலிருந்து நாலாகத் துளிர்க்கும். காய்ந்தால் தரையில் போகிற நெருப்பை மரத்தின் கிளை வரைக்கும் ஏற்றிவிடும். அதன் அடியில் புல் வராது, மரக்கன்று எழும்பாது. அம்மாயியின் கீழ்க்கொல்லை, ஆடியில் சாமை விதைத்துக் கார்த்திகையில் நாங்கள் எல்லாரும் அறுப்புக்கு நின்ற இடம், இன்று வரப்பு எது மேடு எது என்று தெரியாமல் உன்னியாகக் கிடக்கிறது. கொல்லை ஓரத்தில் நின்று நண்பரை நினைத்துக்கொண்டேன். தூரத்திலிருந்து படம் எடுத்தால் இது பச்சையாகத்தான் தெரியும்.

ஆனால் மேல்கொல்லைக்குப் போனபோது என் கணக்கு குழம்பியது. அங்கே உன்னி இல்லை. ஆவாரையும் விராலியும் இடுப்பளவு வளர்ந்திருந்தன. அவற்றுக்கு நடுவே ஊஞ்சைக் கன்றுகள் என் உயரத்துக்கு, ஒரு வேங்கை, இரண்டு நெல்லி. புல் இருந்தது, புல்லில் கடமான் படுத்து எழுந்த தடம் இருந்தது. நண்பர் சொன்னது இங்கே அப்படியே நடந்திருக்கிறதே என்று ஒரு நிமிஷம் மனம் நிறைந்துபோயிற்று. "ரெண்டும் ஒரே வருசம் விட்ட கொல்லைதானே மாமா, இங்க மட்டும் எப்படி?" என்று கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. வேங்கைக் கன்றின் அடியில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். பிறகு சொன்னார்: "வந்த மொத அஞ்சாறு வருசம் புளி உலுக்க வரும்போதெல்லாம் இங்க மொளைச்ச உன்னிய வேரோட புடுங்கிப் போடுவேன். ரெண்டு நாள் வேலை. அவளுக்கு இந்தக் கொல்லை புடிக்கும். கீழ்க்கொல்லைக்கு முடியல."

அதற்கு மேல் அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அத்தை இறந்த பிறகு, வருடத்தில் இரண்டு நாள், யாருக்கும் சொல்லாமல் ஒரு மனிதர் இந்தச் சரிவில் உட்கார்ந்து களை பிடுங்கியிருக்கிறார். அந்த இரண்டு நாளில்தான் இந்தக் கால் ஏக்கர் காடாகியிருக்கிறது. பிடுங்காத இடம் உன்னியாகியிருக்கிறது.

காணாமல் போன சத்தம்

முதல் நாள் ராத்திரி அம்மாயி வீட்டிலேயே படுத்தோம். கூரையில் ஒரு பக்கம் புல் போய் வானம் தெரிந்தது, மறுபக்கம் நன்றாகவே இருந்தது. விடியற்காலையில் விழிப்பு வந்தபோது எழாமல் கண்ணை மூடிக்கொண்டே படுத்திருந்தேன். மாமா முன்பே எழுந்து மரத்தடிக்குப் போய்விட்டார். காட்டுக்கோழி கூவியது. எங்கோ மயில். செம்போத்தின் ஊம்ஊம், குக்குறுவானின் ஓயாத குட்ரூ குட்ரூ. ஓசூரில் வாகனச் சத்தத்தில் விழிக்கும் எனக்கு அது எப்படி இருந்திருக்க வேண்டும்? ஆனால் என்னவோ குறைந்தது. வீடு மாறிப் படுத்தமாதிரி இருந்தது. வாசனை அதேதான், சாணமும் பழைய புகையும் கலந்த வாசனை. தரையின் குளிர்ச்சியும் அதேதான். என்ன இல்லை என்று எனக்குப் பிடிபடவில்லை. அன்று முழுக்கத் தொரட்டி பிடித்துக்கொண்டும், சாக்கில் புளி அள்ளிக்கொண்டும் அதையே யோசித்தேன். வாய்க்குள் ஒரு பெயர் வந்து வராமல் நிற்பது போல.

மூன்றாம் நாள் காலையில் சுனைக்குப் போனோம். ஊருக்கு ஒரே தண்ணீர் அது. பாறை இடுக்கிலிருந்து கசிந்து, கல் அடுக்கிய குழியில் தேங்கும். தை அறுப்பு முடிந்ததும் வீட்டுக்கு ஒரு ஆள் வந்து தூர்வார வேண்டும் என்பது ஊர்க்கட்டு. வராதவர் வீட்டுக்குத் தேங்காய் கிடையாது என்று சிறுவயதில் கேட்டிருக்கிறேன். இப்போது ஐந்து வீட்டுக்காரர்களும் வயதானவர்கள். குழியில் முக்கால்வாசி இலைமக்கு, மேலே காட்டுப்பன்றி புரண்ட சேறு. கசிவு குழிக்குள் வராமல் பக்கத்தில் வழிந்து மண்ணில் மறைந்துகொண்டிருந்தது. மாமா மண்வெட்டியால் வெட்ட, நான் அன்னக்கூடையில் அள்ளிக் கொட்ட, மூன்று மணி நேரம் ஆயிற்று. அடியில் அந்தப் பழைய தளக்கல் தெரிந்தபோது மாமா அதைக் கையால் தடவினார். மதியத்துக்குள் ஒரு முழம் தண்ணீர், தெளிந்த தண்ணீர், ஏறிவிட்டது. நாங்கள் கை கழுவிக்கொண்டிருக்கும்போதே இரண்டு தேன்சிட்டு வந்து ஓரத்தில் குடித்தன. சுனையை நாங்கள் குடிக்க மட்டும் வாரினோம் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். கோடையில் இந்தச் சரிவில் வேறு தண்ணீர் இல்லை. கடமானும் முயலும் இதில்தான் குடித்திருக்க வேண்டும். இத்தனை வருடங்களாக எங்கள் கண்ணில் படாமல் ராத்திரியில் வந்துபோயிருக்கின்றன.

அங்கிருந்து திரும்பும் வழியில்தான் மேட்டுவீட்டு ஆயா முற்றத்தில் உட்காரச் சொன்னார். எண்பது வயதுக்குக் குறையாது. பிள்ளைகள் பெங்களூரில். அழைத்துப்போனார்கள், இரண்டு மாதம் இருந்துவிட்டுத் திரும்பிவிட்டார். வீட்டை ஒட்டி ஒரு வேலிக்குள் அவருக்குத் தேவையான சாமையும் கொஞ்சம் கேவுரும் கொஞ்சம் மொச்சையும் இன்னும் விதைக்கிறார். உரலில் சாமை குத்திக்கொண்டிருந்தார். குத்தியதை முறத்தில் அள்ளிப் புடைத்தார். உமி காற்றில் போக, நொய்யும் நாலு அரிசியும் முற்றத்தில் சிதறியது. அந்தச் சிதறலுக்குள் ஒரு கூட்டம் பொத்தென்று இறங்கியது.

சிட்டுக்குருவி.

எண்ணினேன், பதினொன்று. கூரையின் உள்ளோரமான எரவாணத்திலிருந்து இறங்கி, கொத்திவிட்டு எரவாணத்துக்கே ஏறின. கீச்கீச்சென்ற அந்தச் சத்தம். இரண்டு நாளாக எனக்குப் பிடிபடாமல் இருந்தது அதுதான். சின்ன வயதில் அம்மாயி வீட்டில் முதலில் காதில் விழுவது காட்டுக்கோழி இல்லை, தலைக்கு நேர் மேலே எரவாணத்தில் குருவிகள் போடுகிற சண்டைதான். 34 வீட்டு எரவாணத்திலும் இருந்தன. முற்றத்தில் காயவைத்த சாமைக்குக் காவல் உட்கார வைத்தால் குருவி ஓட்டுவதே எங்கள் வேலை. அவ்வளவு குருவியும் எங்கே போயிற்று என்று நான் யோசித்ததே இல்லை. இன்று இந்த ஊரில் இருக்கும் சிட்டுக்குருவி எல்லாம் உரல் சத்தம் கேட்கிற ஒரே முற்றத்தில் இருந்தன. மற்ற நான்கு வீட்டுக்காரர்களும் ரேஷன் அரிசிக்கு மாறிவிட்டார்கள். அவர்கள் முற்றத்தில் எதுவும் சிதறுவதில்லை.

ஆயா கையிலிருந்த முறத்தால் விசிறி அவற்றை விரட்டினார். "முறத்தைக் கீழ வெக்க வுடமாட்டேங்குது கண்ணு. பாதி இதுங்களுக்கே போயிடுது. போன வருசம் நாலு படி கொறைஞ்சுது, எல்லாம் இதுங்க வேலைதான்" என்றார், உண்மையான கோபத்தோடு. விரட்டிய கை அடுத்த நிமிஷமே மறுபடி புடைத்தது. மறுபடி சிதறியது.

காட்டுக்கு யார் சொந்தம் என்பது பற்றி

சிட்டுக்குருவி மனிதனை விட்டு வாழாத பறவை. தானியம் சிந்துகிற இடம், கூடு கட்டச் சுவரில் ஒரு பொந்து, குஞ்சுக்கு ஊட்ட முற்றத்தைச் சுற்றிப் புழுபூச்சி, இது மூன்றும் வேண்டும். மனிதர் போனால் அதுவும் போகும். இது எல்லாருக்கும் தெரிந்த செய்திதான், நானும் படித்திருக்கிறேன். ஆனால் அந்த முற்றத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் நண்பரின் வாக்கியத்தில் எனக்கு ஒட்டாமல் போனது எது என்று புரிந்தது. அதில் மனிதன் ஒரு பக்கம், இயற்கை ஒரு பக்கம். ஒருவர் எழுந்து போனால் மற்றவர் வந்து உட்காரலாம். எங்கள் மலை அப்படி இருந்ததே இல்லை. குருவி எங்கள் பக்கத்தில் இருந்தது. சுனை இரண்டு பக்கத்திலும் இருந்தது. மேய்ந்த புல்லும் வாரிய தண்ணீரும் பிடுங்கிய களையும் சேர்ந்துதான் நாங்கள் பார்த்த அந்த மலை. உழைப்பு நின்ற பிறகு, எங்களுக்கு முன்னால் இருந்த பழைய காடு திரும்ப வரவில்லை. அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு செடி வந்திருக்கிறது.

தாத்தா காலத்தில் கோடைக்கு முன்னால் காய்ந்த புல்லுக்கும் சருகுக்கும் சின்னதாகத் தீ வைப்பார்களாம். முழங்கால் உயரத்துக்குள் ஓடி அணைகிற தீ. காவிரிக்கு அந்தப் பக்கம் பிளிகிரிரங்கன் மலையில் சோளகர்களுக்கும் இதே வழக்கம் உண்டு, தரகு பெங்கி என்பார்கள், சருகு நெருப்பு என்று அர்த்தம். அந்தத் தீயை நிறுத்திய பிறகுதான் காட்டில் உன்னி பெருத்தது என்று அவர்கள் பல வருடங்களாகச் சொல்லிவருகிறார்கள். 1882ஆம் வருடத்துச் சென்னை வனச் சட்டம் தொடங்கி, காட்டில் நெருப்பு என்றால் குற்றம். அப்புறம் மேய்ச்சல். காவிரிக் கரை ஆலம்பாடியின் பெயரைச் சுமக்கும் ஆலம்பாடி மாடு இந்தக் காட்டில் மேய்ந்தே வளர்ந்த இனம். பட்டி பட்டியாகக் காட்டுக்குள் அடைத்து வைப்பார்கள். இன்று அதைக் காப்பாற்றக் காரிமங்கலம் பக்கம் ஓர் ஆராய்ச்சி மையமே வைக்க வேண்டிய அளவுக்குக் குறைந்துவிட்டது. 2022இல் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டக் காடுகளிலும் சேர்த்து 686 சதுர கிலோமீட்டர் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதே வருடம், சரணாலயங்களுக்குள்ளும் புலிகள் காப்பகங்களுக்குள்ளும் மாடு மேய்க்கச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது.

சரணாலயம் வந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். யானைக்கு வழி வேண்டும், நாற்கொம்பு மானுக்கும் காவிரிக் கரை நீர்மருதுகளில் வாழ்கிற சாம்பல் நிற அணிலுக்கும் இடம் வேண்டும். கல் குவாரி வராமல் இருக்க வேண்டும். அளவில்லாமல் மாடு மேய்ந்தால் காடு அழியும் என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் எல்லையைக் கோடு போட்டு, ஆளை வெளியே நிறுத்தி, கையைக் கட்டிக்கொண்டு நின்றால் காடு தானாகச் சரியாகும் என்பதை இனி நம்ப முடியவில்லை. கீழ்க்கொல்லையையும் மேல்கொல்லையையும் பார்த்துவிட்டேன். மேலே இன்னும் இருக்கிற ஐந்து வீட்டுக்காரர்களுக்கு, கீழே இறங்கிய பிள்ளைகளில் வர விரும்புகிறவர்களுக்கு, உன்னி பிடுங்கவும் சுனை வாரவும் கூலி கொடுத்து வேலையாகச் செய்யச் சொல்லலாம். அங்கே என்ன மரம் எங்கே நின்றது என்று தெரிந்தவர்கள் அவர்கள்தான், இன்னும் பத்து வருடத்தில் அவர்களும் இருக்கமாட்டார்கள். 2006ஆம் வருடத்து வன உரிமைச் சட்டம், காட்டைக் காக்கும் உரிமையையும் பொறுப்பையும் கிராம சபைக்கே கொடுக்கிறது. ஐந்து வீட்டுக்கு யார் வந்து கிராம சபை கூட்டுவார்கள் என்பதுதான் கேள்வி. அதற்கு முன்னால் ஒரு பாதையாவது வேண்டும், ராத்திரியில் ஒரு கர்ப்பிணியை இறக்கிக் கொண்டுவரக் கூடிய பாதை. அது இல்லாமல் யாரையும் இருக்கச் சொல்ல எனக்கு வாய் வராது.

கீழே

கிளம்பும்போது மேட்டுவீட்டு ஆயா ஒரு படி சாமையைப் பழைய துணியில் முடிந்து, அம்மாயிக்குக் கொடுக்கச் சொன்னார். பதினாறு வருடமாக இருவரும் பார்த்துக்கொள்ளவில்லை. ஒருவரால் ஏற முடியாது, ஒருவர் இறங்க மாட்டார். "பல்லு இருக்குதா அவளுக்கு?" என்று மட்டும் கேட்டார். இருக்கிறது என்றேன். புளிமூட்டைகள் கழுதையில் முன்னே போக, நாங்கள் பின்னால் கல்லைத் தட்டிக்கொண்டே இறங்கினோம். உன்னிக் குகைக்குள் நுழைந்ததும் மாமா ஒரு இடத்தில் நின்று, பாதையோரத்துச் செடி ஒன்றை வேரோடு அசைத்துப் பிடுங்கித் தலைகீழாகப் போட்டார். முழங்கால் வலிக்கிறதே என்றேன். "ஈரம் இருக்கும்போது சுலுவா வரும்" என்றார்.

அம்மாயி திண்ணையில் உட்கார்ந்து, போன வாரம் வந்த புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். இந்த வீட்டுக்கு சிமென்ட் கூரை, எரவாணம் கிடையாது. சாமை முடிச்சை அவிழ்த்து, நாலு அரிசியை வாயில் போட்டு மென்றபடி எல்லாவற்றையும் விசாரித்தாள். சுனையில் எவ்வளவு தண்ணீர், எந்த மரத்தில் காய்ப்பு, யார் யார் இருக்கிறார்கள். மேல்கொல்லையில் வேங்கை வந்திருக்கிறது என்று நான் சொன்னபோது மாமா எழுந்து உள்ளே போய்விட்டார். குருவியைப் பற்றிச் சொன்னேன்.

"எத்தினி இருந்துச்சு?"

"பதினொன்னு அம்மாயி. மேட்டுவீட்டு ஆயா வீட்டுல மட்டுந்தான்."

"நம்ம வூட்டுலயே எட்டு ஜோடி இருக்கும்" என்றாள். கை நிற்காமல் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "கதவைச் சாத்திட்டு வந்தீங்களா?" என்றாள்.

பூட்டிவிட்டுத்தான் வந்தோம் என்றேன்.

"கூரை ஒரு பக்கம் போயிடுச்சுன்னு சொன்னியே. அந்தப் பக்கமா உள்ள வர வழி இருக்குமில்ல" என்று கேட்டாள். இருக்கும் என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த புளியை எடுத்தாள்.